திருமுறைக்குப் பண் தந்த பெண்

2006-ஆம் ஆண்டில் அங்கயற்கண்ணி என்னும் பெண் உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் ஓதுவாராக நியமனம் பெற்றபோதும், 2021-இல் சுகாஞ்சனா மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் அவ்வாறே நியமனம் பெற்றபோதும், சம்பிரதாயத்தில் என்றும் இல்லாத ஒன்று புதிதாகப் புகுந்துவிட்டதாகவே பலர் எண்ணினர். இறைவன் சந்நிதியில் பாடும் அதிகாரம் பாடுவோரின் சரீரத்தைப் பொறுத்ததா, அன்பையும் பயிற்சியையும் பொறுத்ததா என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வி. அதை ஆராயத் தில்லையாகிய சிதம்பரத்தினும் தகுந்த இடம் வேறில்லை.

தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்து, செல்லரித்தது போக எஞ்சிய தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும், இராசராசன் என்று பெரும்பாலோர் கொள்ளும் சோழ மன்னனும் மீட்ட வரலாற்றை யாவரும் அறிவர். ஆனால் ஏடு கிடைத்ததேயன்றி, பாடல்களைப் பாடும் பண்முறை கிடைக்கவில்லை என்பதையும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய ஒரு பெண்ணுக்கே அந்த ஞானம் அருளப்பட்டது என அசரீரி உணர்த்த, அவளைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன என்பதையும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இதைச் சொல்வது, உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம். அந்த எருக்கத்தம்புலியூர் இன்று இராசேந்திரப்பட்டணம் என்ற பெயரோடு கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது.

அவளுடைய முன்னோராகிய யாழ்ப்பாணரும் தனியே பாடித் திரிந்தவரல்லர். அவர் மனைவி மதங்கசூளாமணியாரும், தேவாரம் பாடிய மூவருள் ஒருவராகிய சம்பந்தருடன் தலங்கள்தோறும் சென்று பாடியவர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்தில் தங்கியபோது, பாணருக்கும் அவர் துணைவியாருக்கும் இடம் தருமாறு சம்பந்தர் பணிக்க, அந்தணராகிய நீலநக்கர் வேதிகையின் அருகிலேயே அவர்களுக்கு இடமளித்தார் என்றும், உடனே வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கி எழுந்தது என்றும் பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறுகிறார். குலத்தாலும் பெண்மையாலும் விலக்கத் தக்கவள் என்று உலகம் கருதியிருக்கக்கூடிய ஒருத்தியை அக்கினியே வரவேற்றது என்று இதைப் படிக்காமல் வேறு எவ்வாறு படிப்பது?

ஆயினும் ஆட்சேபங்கள் உண்டு; அவற்றை அலட்சியமாகத் தள்ளுவது முறையாகாது. பெண்ணின் குரலுக்கு வலிமை போதாது என்ற வாதம், மிகுந்த மூச்சுப் பலம் வேண்டும் நாகசுரத்தை மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் கோயில் விழாக்களில் முழக்கிய பின்னர் நிற்காது. ஆசார விதி பற்றிய வாதம் இன்னும் கனமானது. விக்கிரகத்தைத் தீண்டிப் பூசிக்கும் அர்ச்சகருக்கென ஆகமம் வகுத்த நியமங்களைப் பற்றி அறிஞர் தனியே வாதிக்கட்டும். ஓதுவாரோ மூர்த்தியைத் தீண்டுவதில்லை, எதிரே நின்று பாடுபவர். தீட்டுடைய நாட்களில் கோயிலுக்குச் செல்லாமலிருப்பது, மரபை ஏற்கும் எந்த அடியாளும் தானே கடைப்பிடிக்கும் ஒழுக்கம். அதைக் காட்டி மாதம் முழுவதையும், வாழ்நாள் முழுவதையும் மறுப்பதற்கு நியாயம் ஏது?

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஆணென்றும் பெண்ணென்றும் இருப்பது வினைக்கேற்ப வாய்த்த உடம்பே. பதியை நாடும் பசுவாகிய ஆன்மாவுக்கு அப்பேதம் இல்லை. தேவார மூவருக்கும் முன்னரே திருவாலங்காட்டில் பதிகம் பாடிய காரைக்கால் அம்மையார், தம் அழகிய உடம்பை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். அவர் பாடல்கள் பதினோராந் திருமுறையில் உள்ளன. ஒரு பெண் பாடியதைத் திருமுறை என்று வணங்கிவிட்டு, அதைப் பெண் பாடலாகாது என்று சொல்வது சைவத்துக்கு ஒவ்வாது என்பது என் துணிபு.

சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த இசைக் கல்லூரியில் இன்று பெண்கள் இசை பயில்கிறார்கள். திருவதிகையிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வாழும் சைவப் பெற்றோர் தம் பெண்மக்களைப் பண்ணிசை பயில அனுப்ப வேண்டும். கோயில் நிருவாகிகள் அவர்களைத் தேடி அழைத்துப் பணியில் அமர்த்த வேண்டும்.