பாறையைக் குடைந்த கோவில்கள்



சென்னைக்குப் போனவர்கள் சைதாப்பேட்டை அருகே சின்னமலையைத் தரிசித்திருப்பீர்கள். அப்போஸ்தலரான அர்ச். தோமையார் மறைந்திருந்து ஜெபித்ததாகப் பாரம்பரியம் சொல்லும் குறுகலான பாறைக்குகை அங்கே உண்டு. 1551-ம் வருஷம் போர்த்துக்கீசியர் அங்கே ஆரோக்கிய மாதாவுக்குக் கோவில் எழுப்பினார்கள்.

சின்னமலையில் பாறைக்குப் பக்கத்தில் கோவில். எத்தியோப்பியா தேசத்து லாலிபெலா என்னும் ஊரிலோ, பாறையே கோவில்! அப்படிப்பட்ட கோவில்கள் அங்கே 11 இருக்கின்றன. சுமார் 800 வருஷங்களுக்கு முன், லாலிபெலா என்ற அரசர் எருசலேமின் நினைவாக இவற்றைச் செய்வித்தார் என்பது அந்நாட்டார் பாரம்பரியம். 1978-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே கல்லின்மேல் கல் அடுக்கவில்லை. பாறையைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவே நின்ற ஒற்றைக் கல்லைக் கூரையிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள். சன்னல், வாசல், தூண் எல்லாம் அந்தக் கல்லிலேயே உண்டாயின. அர்ச். ஜார்ஜியார் கோவில் மேலிருந்து பார்ப்பவருக்குச் சிலுவையாகவே தெரியும். இன்றும் அங்கே வழிபாடு நடந்து வருகிறது.

கவனியுங்கள். அந்தப் பாறை கோவிலாவதற்கு அதனோடு ஒன்றும் சேர்க்கவில்லை, அதிலிருந்து எடுத்தார்கள். நாமோ ஞான ஜீவியம் என்றாலே சேர்ப்பதென்று நினைக்கிறோம். இன்னொரு நவநாள், இன்னொரு நேர்ச்சை, இன்னொரு யாத்திரை. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால், வேளாங்கண்ணிக்கு ஒரே பஸ்ஸில் போய், வரப்புத் தகராறினால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஊர் திரும்பும் அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்! நெஞ்சில் கிடக்கும் கல்லை எடுக்காதவரை ஆண்டவர் எங்கே வந்து தங்குவார்?

திண்டுக்கல் என்ற பேரிலேயே கல் இருக்கிறது. மலைக்கோட்டைப் பாறையைத் தினந்தோறும் பார்க்கிறோம். பார்க்கும்போதெல்லாம், எனக்குள் எடுபடாமல் கிடக்கும் கல் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் இரட்சகரின் திருச்சரீரத்தை அடக்கியதும் பாறையில் வெட்டிய கல்லறையில்தான். அரிமத்தியா ஊர் சூசை தமக்கென்று வெட்டிய இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்த அந்த இடத்திலிருந்தே ஆண்டவர் உயிர்த்தெழுந்தார்!

ஆகவே, வருகிற ஞாயிறு திவ்விய நன்மை வாங்க வருமுன், பேச்சு வார்த்தை விட்டுப்போன வீட்டுக்கு ஒருதரம் போங்கள். அதற்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இரண்டு தெரு நடந்தால் போதும். முதல் உளி படும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் கோவில் அங்கேதான் ஆரம்பமாகிறது. ஆமென்.