பலனும் பற்றும்

பலனில் பற்று வையாது கர்மம் செய்க என்று கீதை உபதேசித்திருக்க, ஏழைக் குடும்பத்துக்கு அளித்த உதவி அதன் ஜீவனத்தை உயர்த்திற்றா என்று வீடுவீடாகச் சென்று கணக்கெடுப்பது தர்மத்துக்கு முரணாகாதோ என்ற ஐயம், தானதர்மங்களில் ஈடுபட்டோரிடம் எழுவதுண்டு. ஆயினும் அதே நூலின் பதினேழாம் அத்தியாயம், சாத்விக தானத்தின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, கைம்மாறு கருதாமையோடு நின்றுவிடாது, தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் அறிந்தே கொடுக்க வேண்டுமென்று விதிக்கின்றது. எனவே துறக்கத்தக்கவை கொடுப்பவர் தமக்கெனக் கோரும் புகழும் புண்ணியமுமே. பெறுபவரின் நன்மையைப் பற்றிய விசாரணை தானத்தின் அங்கமேயாகும்.

2015-இல் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள் இதனை நன்கு விளக்குகின்றன. மிக வறியவர்களுக்குக் கால்நடையும், பயிற்சியும், சிலகாலம் உணவுச் செலவுக்குப் பணமும் வழங்கிய திட்டத்தை இந்தியா உள்ளிட்ட 6 நாடுகளில் 10,495 பேரிடம் சோதித்தபோது, உதவி நின்று ஓராண்டு கழிந்தும் பெரும்பாலான இடங்களில் முன்னேற்றம் நிலைத்திருந்தது. மற்றோர் ஆராய்ச்சி நடந்த அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலோ அதே வகைத் திட்டம், கால்நடை வருமானத்தைப் பெருக்கிய அளவுக்குக் கூலி வருமானத்தைக் குறைத்து, நிகர லாபமின்றி முடிந்தது. உதவி பெறாத குடும்பங்களும் கூலிவேலையால் அங்கு முன்னேறியிருந்தமையால், அவற்றோடு ஒப்பிட்டிராவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

திண்டுக்கல் சமவெளியிலும் இந்த விவேகம் வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியுமுன்னே மல்லிகை பறிக்கச் செல்லும் பெண்ணுக்கும், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் முறைவேலை பார்க்கும் பெண்ணுக்கும், தீவனமற்ற மானாவாரி நிலத்தில் வேலையின்றியிருப்பவளுக்கும் ஒரேவிதமாகக் கறவை மாட்டை அளித்தால், அது ஒருத்திக்கு வாழ்வாகவும் மற்றொருத்திக்குக் கூலியிழப்பாகவும் முடியலாம்.

இதை அறியவே ஒப்பீடு வேண்டும். உதவி எல்லோருக்கும் போதாத இடத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்து, பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிடுவது அநீதியன்று. பொருளிருந்தும் ஒப்பீட்டுக்கென்றே சிலரைப் பட்டினியிடுவது பாதகம்.

எதை அளப்பது என்பதும் தர்ம விசாரமே. சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவிய அதே 1947-இல், காந்தியடிகள் எழுதியளித்த குறிப்பொன்று, நாம் எடுக்கும் முயற்சியால் பரம ஏழை தன் வாழ்வின்மீது ஆட்சி பெறுவானா என்று வினவச் சொல்கிறது. ஆதலின் வருமானத்தோடு, கந்துவட்டிக் கடன் குறைந்ததா, மாட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்கும் உரிமை அப்பெண்ணிடம் உண்டா என்பனவும் கணக்கில் ஏறவேண்டும்.

இவ்வளவும் அளந்தபின், தாம் அருமையாக வளர்த்த திட்டம் பயனற்றதென்று தெரியவந்தால், அதனை மறைக்காமலும் சாக்குச் சொல்லாமலும் மாற்றியமைக்கக் கொடுப்பவர் முன்வருவாரா? கீதை சொல்லும் பற்றின்மையில் அவர் தேறவேண்டிய பரீக்ஷை அதுவே.