கல்லுக்குக் காயம் படக் கூடாது

சம்மட்டி பிடித்த கையிலிருந்து சம்மட்டியை இயந்திரம் வாங்கிக்கொண்டால் அது விடுதலையா, வயிற்றில் அடிப்பதா? இழிதொழில் ஒழியட்டும், மெஷின் வரட்டும் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். சரியான முழக்கம்தான். ஆனால் அது பாதிப் பேச்சு. மெஷின் வந்த இடத்தில் சனங்கள் என்ன ஆனார்கள் என்பது மீதிப் பேச்சு. மேலூர் வட்டாரத்துக் கல்குவாரிகளை வைத்து அந்த மீதியைப் பேசிப் பார்க்கலாம்.

கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு, திருவாதவூர் என்று மதுரைக்கு வடகிழக்கே பாறையும் கண்மாயுமாகக் கிடக்கிற பூமி அது. கையால் கல் எடுத்த காலத்தில் உளியால் வரிசையாகக் குழி போடுவார்கள். குழிக்குள் இரும்பு ஆப்பை இறக்கி, மாற்றி மாற்றி அடிப்பார்கள். பாறை எந்தப் பக்கம் பிளக்கும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லுகிறவர்கள் இருந்தார்கள். பொம்பளைகள் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். இந்த வேலையில் ஒட்டர்கள் இருந்தார்கள், தலித்துகள் இருந்தார்கள், பிழைப்புத் தேடி வந்த பல சாதி ஏழைகளும் இருந்தார்கள். பாறையை உடைத்தவனுக்குப் பாறையில் பங்கில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டுக் குவாரிகள் பலவற்றில் கூலிக்கு முன்னால் முன்பணம் வந்தது. முன்பணத்துக்குப் பின்னால் கொத்தடிமைத்தனம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அது நீடித்தது.

அப்புறம் மெஷின் வந்தது. ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாக வந்தது. முதலில் கம்ப்ரசரும் ஜாக்ஹேமரும். கை வலி குறைந்தது, நெஞ்சு வலி கூடியது. தண்ணீர் விடாமல் துளை போட்டால் பறக்கிற பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகும். அடுத்து கிரஷர் வந்தது. ஜல்லி உடைத்த பொம்பளைகளின் வேலை போயிற்று. அதற்கடுத்து வைரமணி கோத்த கம்பி ரம்பம். பாறையில் இரண்டு துளை போட்டு உள்ளே ஒன்று சேர்த்து, கம்பியை நுழைத்து, தண்ணீர் ஊற்றிச் சுழலவிட்டால் பாறை வெண்ணெய் மாதிரி அறுபடும்.

எதற்காக வந்தது இந்த ரம்பம்? வெடி வைத்தால் கல்லில் விரிசல் விழும். விரிசல் விழுந்த கல் ஏற்றுமதிக்கு ஆகாது. கீழவளவுப் பக்கத்து வெள்ளைக் கல்லுக்கு உலகச் சந்தையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று பெயர். ஊர்ப் பெயரைக்கூடக் கல்லோடு அனுப்பவில்லை. அந்தக் கல்லுக்குக் காயம் படக் கூடாது என்றுதான் மெஷின் வந்தது. மனுசனுக்குக் காயம் படக் கூடாது என்று வரவில்லை.

இதைச் சந்தேகப்படுகிறவர்கள் மதுரை நகரத்துக்குள் வாருங்கள். பாதாளச் சாக்கடைக்கு மெஷின் இல்லையா? இருக்கிறது. 2018-லேயே திருவனந்தபுரத்தில் ரோபோவை இறக்கிக் காட்டிவிட்டார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் வந்தன. ஆனாலும் 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் கழிவுநீர்க் கிணற்றில் மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். மலையில் மெஷின் லாபத்தைக் காப்பாற்றுகிறது, ஓடி வருகிறது. சாக்கடையில் அது வெறும் உயிரைத்தான் காப்பாற்றும், நொண்டி நொண்டி வருகிறது. ஆகவே மெஷின் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே தப்பு. யார் கூப்பிட்டு யாருக்காக வருகிறது என்பதுதான் கேள்வி.

அம்பேத்கர் இதை 1945-லேயே தெளிவாக்கிவிட்டார். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில், இயந்திர எதிர்ப்பு ஏழையை மேலும் மிருக வாழ்க்கையில் அமுக்கும் என்கிறார். ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை, இயந்திரம் இல்லாமல் உழைப்பவனுக்கு ஓய்வு இல்லை. கேடு இயந்திரத்தில் இல்லை, சொந்த லாபத்தைப் புனிதமாக்கிய சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆகவே உளியின் அழகைப் பாடி அழுவது நம் வேலை அல்ல. அந்த அழகு பார்த்தவனுக்குத்தான், அடித்தவனுக்கு இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கொல்லும் வேலையும் சில நேரம் தப்பிக்கும் வழியாக இருந்திருக்கிறது. வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் பாறை வெடிப்பிலும் தூசியிலும் செத்தார்கள். ஆனால் பண்ணையாரின் களத்துக்கு வெளியே காசாகக் கூலி வாங்கினார்கள். அந்தக் கூலியில்தான் மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் நடந்தது, அயோத்திதாசரின் ‘தமிழன்’ பத்திரிகைக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகள் விடியக் காலையில் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். ஆக, வேலை போகும்போது வேலை மட்டும் போகவில்லை. பண்ணையாரிடம் கைகட்டாமல் நிற்க உதவிய கூலியும் சேர்ந்தே போகிறது. ‘நாத்தம் பிடிச்ச வேலைதானே, போனா போகட்டும்’ என்று சொல்லுகிறவர், அடுத்த வேளைச் சோற்றுக்கு யார் வாசலில் நிற்பது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் நியாயம் என்ன? நம் நாட்டுச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது. பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983-ல் உச்ச நீதிமன்றம், கொத்தடிமையை அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது, மறுவாழ்வும் தர வேண்டும், அது அரசின் கடமை என்றது. மறுவாழ்வு இல்லாத விடுதலை மறுபடி அடிமைத்தனத்தில்தான் கொண்டுபோய் விடும். இதே நியாயம் இயந்திரத்துக்கும் பொருந்தும். எந்தக் கைகளை மெஷின் விடுவிக்கிறதோ, அந்தக் கைகளுக்குத்தான் மெஷின் மீது முதல் பாத்தியதை.

மூலதனம் போட்டவனுக்கல்லவா மெஷின் சொந்தம் என்பார்கள். மெஷினுக்குப் பணம் போட்டான், சரி. மலைக்கு எவன் போட்டான்? புறம்போக்குப் பாறை ஊருக்குப் பொது. குத்தகைக் காகிதம் ஒன்றுதான் அதை ஒருவன் சொத்தாக்குகிறது. அந்தக் காகிதத்தில் வேறு பெயரை எழுதவும் முடியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். கொத்தடிமையாகக் கல் உடைத்தவர்களும் அதில் இருந்தார்கள். காண்ட்ராக்டர்கள் கொதித்தார்கள். அதே பாறைதான், அதே உளிதான். குத்தகை கைமாறியதும் கூலி, நேரம், மரியாதை எல்லாம் மாறின. அந்தக் கையில் மெஷினும் இருந்திருந்தால் அம்பேத்கர் சொன்ன ஓய்வு வந்திருக்கும்.

மேலூரில் நடந்தது வேறு. 2012-ல் ஆட்சியர் சகாயம் எழுதிய கடிதம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் என்றது. உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையராக 2015-ல் அவர் தந்த அறிக்கை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. எல்லாம் அரசுக்கு வந்த நட்டம். கல் உடைத்தவனின் நுரையீரலுக்கும் வேலை போன பொம்பளைக்கும் எந்த ஆணையர் கணக்குப் போடுவது? கீழவளவுக்குப் பக்கத்து ஊர்தான் மேலவளவு. தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக வந்த குற்றத்துக்காக 1997 ஜூன் 30-ல் முருகேசனும் உடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊர்ப் பொதுவின் மீது தலித்துக்குக் கையெழுத்து அதிகாரம் வருவதைச் சாதி எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2024 நவம்பரில் இதே மேலூரில், அரிட்டாபட்டியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. சனங்கள் மதுரை வரை நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நல்லது. ஆனால் அடுத்த சுரங்கம் வேறெங்காவது வரும், வேலை தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே வரும். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் டிரைவர் இல்லாமல் ஓடும் லாரிகளைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த்திலிருந்து இயக்குகிறார்கள். அந்தப் பில்பராவில்தான் 2020-ல் பூர்வகுடிகளின் பழமையான ஜூக்கன் குகைகளைச் சுரங்கத்துக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். கை தேவைப்படாத சுரங்கத்துக்கு ஆளின் சம்மதமும் தேவைப்படாமல் போகிறது. வேலைநிறுத்தம் செய்யக்கூட அங்கே ஆள் இருக்காது.

அதனால் நம் கோரிக்கை ‘மெஷினை நிறுத்து’ என்பது அல்ல, ‘வேலை கொடு’ என்பதோடு நிற்பதும் அல்ல. சாக்கடைக்கு மெஷின் உடனே வரட்டும், அதை ஓட்டுகிற வேலையும் உடைமையும் இதுவரை இறங்கியவர்களுக்கே வேண்டும். குவாரியில் மெஷின் இருக்கட்டும், குத்தகைக் காகிதத்தில் கல் உடைத்தவர் பெயர் வேண்டும். தூசி தின்ற நெஞ்சுகளுக்கு வைத்தியமும் நஷ்ட ஈடும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டுக்கு மெஷினாக இருந்தவர்கள் நாம். நிஜ மெஷின் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய இரும்புக் கடையில் நம்மைப் போட முடியாது.