இரவல் மொழியில் வந்த நம்பிக்கை

சொந்த நம்பிக்கையை அயல்மொழியில் படித்துத் தெரிந்துகொண்டால், அது சொந்தமாகவே இருக்குமா? காந்தியின் இளமை இதற்கு நல்ல சான்று.

ராஜ்கோட் பள்ளியில் நான்காம் வகுப்பு முதல் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். வடிவியலில் தடுமாறிய அவருக்கு யூக்ளிடின் 13ஆம் தேற்றத்தில்தான் பிடி கிடைத்தது. பாடநூலுக்கு வெளியே படிக்கும் பழக்கமும் குறைவு. இந்தியாவில் இருந்தவரை நாளிதழே படித்ததில்லை என்கிறது அவரது சுயசரிதை.

1888இல், 19 வயது நிறையுமுன்பே லண்டன் போனார். ஃபாரிங்டன் தெருவின் சைவ உணவகத்தில், சைவ உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய ஆங்கில நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே இறைச்சியைத் தவிர்த்தவர். இந்தியர் எல்லாரும் இறைச்சி உண்ணும் காலம் வரவேண்டும் என்றுகூட விரும்பியவர். அந்த நூலுக்குப் பிறகு சைவம் அவரே தேர்ந்த கொள்கையானது.

கீதையையும் முதலில் எட்வின் அர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தார். குஜராத்தியிலோ சம்ஸ்கிருதத்திலோ படித்திராததற்காக வெட்கப்பட்டார்.

சொந்த மரபைச் சற்று விலகி நின்று பார்க்க ஆங்கிலம் தந்த இடைவெளிதான் அவரைச் சிந்திக்க வைத்ததா? பாதி உண்மை. அதே ஆங்கிலம் வகுப்பறையில் அவரைத் திணறடித்தது. நான்கு ஆண்டுகளில் கற்ற கணக்கைக் குஜராத்தியில் ஓராண்டிலேயே கற்றிருக்கலாம் என்று 1938இல் எழுதினார். பள்ளிப் பாடம் திணிக்கப்பட்டது. லண்டன் நூல் அவரே விரும்பி எடுத்தது. வேறுபாடு அங்கேதான்.

பிற்காலத்தில், அதிகம் படிக்காதவர்களுக்காகக் கீதையைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார்.