வெட்டிய துணியும் பின்னிய நூலும்

தொடங்கிய வேலையை முடிப்பது ஒரு கடமையா? யாரும் ஏவாத, யாரும் கூலி தராத, முடிக்காமல் விட்டாலும் யாரும் கணக்குக் கேட்க முடியாத வேலையாக இருந்தாலும் அது கடமைதானா?

கடன் வாங்கினால் கொடுத்தவர் இருக்கிறார். வாக்குக் கொடுத்தால் அதைக் கேட்டவர் இருக்கிறார். ஒப்பந்தத்துக்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். வீட்டில் ஓய்வு நேரத்தில் ஒரு பெண் தொடங்கும் கைவேலைக்கு இவர்களில் எவரும் இல்லை. அதனாலேயே இந்தக் கேள்வியை அங்கே வைத்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. வற்புறுத்தும் ஆள் இல்லாத இடத்திலும் ஏதோ ஒன்று நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறதென்றால், அது என்ன?

'பெண்களின் பொழுதுபோக்கு' என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் ஹுஜ்வீரி, 'கஷ்புல் மஹ்ஜூப்' நூலில் ஒட்டுப்போட்ட ஆடைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். கம்பி ஊசிப் பின்னலில் இன்று கிடைக்கும் மிகப் பழைய துண்டுகளும் இஸ்லாமியக் கால எகிப்தைச் சேர்ந்தவை. நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் அவை. சிலவற்றில் கூபி எழுத்தைப் போன்ற கோலங்களும் பின்னப்பட்டிருக்கின்றன. ஊசியும் நூலும் சிந்தனைக்குத் தகுதியற்ற பொருள்கள் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை.

கலவானவில் என் வீட்டு அலுமாரியில் இப்போது பாதியில் நிற்பவை இவை: இரண்டு ஒட்டுப் போர்வைகள், ஊசியில் ஏறிய ஒரு குழந்தைக் கம்பளி, ஒரு தொப்பி, ஒரு சோடிக் காலுறையில் ஒன்று மட்டும். "ஒண்ட முடிச்சிட்டு மத்தத எடுத்தா என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கைவேலை செய்கிறவர்களுக்கு இதன் காரணம் தெரியும். போர்வைக்கு நிலத்தில் விரிக்க இடம் வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும், மெசினுக்குக் கரண்ட் வேண்டும். பின்னலுக்கு ஒரு பை போதும். கிளினிக்கில் இலக்கம் கூப்பிடும்வரை இருந்த இடத்திலேயே நாலு வரிசை பின்னலாம். மழை இருட்டில் கண்ணை நம்பாமல் விரலை நம்பியும் பின்னலாம். கம்பி ஊசி பிடித்துப் பெருவிரல் நோகும் நாளில் தையல் ஆறுதல். குனிந்து தைத்து முதுகு நோகும் நாளில் பின்னல் ஆறுதல். ஆக, பல வேலைகளை ஒன்றாக வைத்திருப்பது எல்லா வேளையிலும் மனம் நிலையில்லாததன் அடையாளமாகாது. அதற்கு வெளிச்சமும் இடமும் உடம்பும்கூடக் காரணங்களாக இருக்கின்றன.

நம் ஊர்ப் பக்கங்களில் ஒட்டுப் போர்வைக்குத் துணி கிடைப்பது பெரிய காரியமில்லை. சிங்கர் மெசின் 1877இல் இலங்கைக்கு வந்தது. நம் உம்மும்மாமாரின் வீடுகளிலேயே அது ஒரு தளபாடமாகிவிட்டது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் கிராமங்களுக்குக் காமன்ட்டைக் கொண்டுவந்தது. வெட்டுத்துண்டுகள் நிறுவைக்கு விற்பனையாயின. அவற்றில் கால்மிதியும் தலையணை உறையும் போர்வையும் தைத்துக் குடும்பத்துக்கு உழைத்த பெண்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். கம்பளி நூல்தான் இந்த ஊருக்கு அந்நியம். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பிரதேசத்தில், பிறந்த பிள்ளையின் தலைக்கும் காலுக்கும்தான் அது தேவைப்படுகிறது.

இரண்டு வேலையையும் பல காலம் செய்த பிறகு ஒரு வேறுபாடு எனக்குத் தெளிந்தது. பின்னல் என்பது ஒரே நூல். கண்ணிக்குள் கண்ணியாக அது ஓடுகிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு மாத வேலையும் அரை மணித்தியாலத்தில் மீண்டும் நூலாகிவிடும். போர்வை அப்படியல்ல. கத்தரி வைத்தாயிற்றென்றால் துணி பழைய துணியாக ஆகாது. சதுரமாக வெட்டிய சட்டை இனி எவருக்கும் சட்டையாகாது. முன்னதில் திரும்பி வர வழி இருக்கிறது, பின்னதில் இல்லை. தொடங்கியதை முடிக்கும் கடமை எல்லா வேலைக்கும் ஒரே அளவில் இருக்க முடியாது என்று நினைக்க வைத்தது இந்த வேறுபாடுதான்.

நம் பிக்ஹு நூல்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. ஸுன்னத்தான நோன்பு ஒன்றைத் தொடங்கியவர் இடையில் முறிக்கலாமா? ஹனபி மத்ஹபில், தொடங்கிவிட்டாலே அது கடமையாகிவிடுகிறது. முறித்தால் கழாச் செய்ய வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில், முடிப்பது விரும்பத்தக்கது, ஆனால் கட்டாயமில்லை. தொடங்கியபோது இருந்த விருப்பம் தொடர்வதிலும் இருக்கிறது. ஆனால் ஹஜ்ஜும் உம்ராவும் வந்ததும் ஷாபி மத்ஹபும் நின்றுவிடுகிறது. ஸுன்னத்தான ஹஜ்ஜாயினும் இஹ்ராம் கட்டிவிட்டால் நிறைவேற்றியே ஆக வேண்டும். இமாம்கள் இதற்குச் சொல்லும் ஆதாரங்கள் வேறு. அவற்றில் புக எனக்குத் தகுதியில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: சில வாசல்களுக்குள் போனவர் விரும்பினால் திரும்பலாம், சில வாசல்களுக்குள் போனவர் மறுபக்கத்தால்தான் வெளியே வர வேண்டும் என்ற பாகுபாடு நம் மரபில் ஏற்கெனவே இருக்கிறது.

நூலைப் பிரிப்பது பற்றிக் குர்ஆனிலும் ஓர் உவமை வருகிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில், முறுக்கேற்றி உறுதியாக்கிய நூலைத் தானே இழை இழையாகப் பிரித்துவிடும் பெண்ணொருத்தி காட்டப்படுகிறாள். மக்காவில் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று தப்ஸீர்களில் சொல்லப்படுகிறது. சத்தியம் செய்துவிட்டு அதையே ஏமாற்றுக்குக் கருவியாக்குகிறவர்கள் அவளுக்கு ஒப்பிடப்படுகிறார்கள். வேலையைப் பாதியில் விட்டவளாக அவள் காட்டப்படவில்லை. உறுதியாகிவிட்ட ஒன்றை அழிப்பவளாகவே காட்டப்படுகிறாள்.

இவளுக்கு எதிரே கிரேக்கக் காவியமான ஒடிஸியின் பெனலோப்பியை நிறுத்திப் பார்க்கலாம். போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. மறுமணம் கேட்டு வந்தவர்களிடம், மாமனாருக்கான கஃபன் துணியை நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்கிறாள். பகலில் நெய்கிறாள், இரவில் பிரிக்கிறாள். மூன்று வருடம் இப்படிப் போகிறது. மக்காப் பெண்ணின் கையும் இவள் கையும் செய்வது ஒன்றுதான். ஆனால் இவள் ஒரு பிணைப்பைக் காப்பதற்காகப் பிரிக்கிறாள். நிய்யத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சோடி எனக்குத் தெரியவில்லை.

திரும்ப முடியாத தொடக்கம் என்றால் என்னவென்று கலவான மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் வயல்களிலும் ஆற்றோரங்களிலும் மாணிக்கக் குழிகள் இருக்கின்றன. கல் கிடைக்காவிட்டால் அகழ்ந்தவர் போய்விடலாம், குழி போவதில்லை. மழைத் தண்ணீர் நிறைந்து, மாட்டையோ பிள்ளையையோ விழுங்கக் காத்துக் கிடக்கும். அதனால்தான் தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகாரசபை அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதே குழியை மூடுவதற்கென்று ஒரு பிணைப்பணம் வாங்கிக்கொள்கிறது. கல் எடுத்தே தீர வேண்டும் என்று அது அகழ்பவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. திறந்ததைத் திறந்தபடி விட்டுப் போகாதே என்றுதான் கேட்கிறது. கடமையின் சரியான அளவு இதுதான் என்று நினைக்கிறேன்.

அலுமாரியில் இரண்டு ஒட்டுப் போர்வைகள் என்றேன். அதில் ஒன்று என்னுடையதல்ல, உம்மாவுடையது.

வாப்பா மவ்த்தானபோது உம்மா இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும். அந்த நாட்களில் வாப்பாவின் பளையகாட் சாரங்கள் பதினொன்றை எடுத்துச் சதுரம் சதுரமாக வெட்டினார். பார்க்க வந்த ஒரு மாமி மனம் பொறுக்காமல், "மவ்த்தானவர்ட உடுப்ப ஏழைகளுக்குக் குடுத்தா நன்மதானே தாத்தா" என்றார். உம்மா பதில் சொல்லவில்லை. ஏழு வரிசை தைத்தார். இத்தா முடிந்தது, தங்கைக்கும் பிள்ளை பிறக்க நாள் நெருங்கியது. உம்மா ஊல் எடுத்துப் பின்னத் தொடங்கினார். போர்வையை ஞாபகப்படுத்தினேன். "அது கெடக்கட்டும் மகள், மொதல்ல புள்ளேட தொப்பிய முடிச்சிருவோம்" என்றார். அதன் பிறகு அந்தப் பொட்டணி திறக்கப்படவில்லை. 2017 மே வெள்ளத்தில் அதை முகட்டில் ஏற்றிக் காப்பாற்றினோம். உம்மாவும் போய்விட்டார். இப்போது அது என் பொறுப்பில் இருக்கிறது.

தங்கை, உம்மா நினைத்த அளவிலேயே அதை முடிக்க வேண்டும் என்கிறாள். தம்பி, உம்மாவின் கடைசித் தையல் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம் என்கிறான். இருவரும் பாசத்தால்தான் பேசுகிறார்கள். ஆனால் எனக்குக் கேட்பது அந்த மாமியின் குரல். அவர் சொன்னது கடுமையானது, ஆனால் பொய்யல்ல. கத்தரி படாமல் இருந்தால் பதினொரு பேர் அந்தச் சாரங்களை உடுத்திருப்பார்கள். உம்மாவின் துக்கத்துக்கு அந்தத் துணி தேவைப்பட்டது. அதில் பிழை காண எவருக்கும் உரிமை இல்லை. என்றாலும் வெட்டிய துணிக்கு ஒரு கடன் இருக்கிறது. யாரோ ஓர் உடம்பை மூட வேண்டிய கடன் அது. தம்பி சொல்வதுபோல் மடித்து வைத்தால், இந்த ஊரின் ஈரத்தில் நினைவுக்கு முன் துணி பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் கிராமம் ஒட்டுப் போர்வைகளுக்குப் பேர்போனது. 2002இல் அவற்றுக்கு ஹூஸ்டனில் பெரிய கண்காட்சியே வைத்தார்கள். அவற்றுள் மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் தைத்த போர்வை ஒன்று உண்டு. இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டித் தைத்தது. நினைவாக மட்டும் வைத்திருக்க அவர் அதைத் தைக்கவில்லை. அதற்குள் படுத்து உறங்கவே தைத்தார். உம்மாவை அறியாத ஒரு பெண், உம்மா தொடங்கியதைப் போன்ற ஒன்றை எங்கோ முடித்து வைத்திருக்கிறார் என்று அதைப் பற்றி வாசித்தபோது தோன்றியது.

எப்போது ஒன்று 'முடிந்தது' என்று சொல்லலாம்? கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அவர்களுடைய பெண்கள் பழந்துணிகளை அடுக்கி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை தைக்கிறார்கள். மூலைகளில் மடித்த சிறு துணிப் பூக்கள் வைத்தால்தான் அது முழுமை பெறும். இல்லாவிட்டால் உடுப்பில்லாததுபோல் அவர்களுக்கு. போர்வை எவ்வளவு பெரியது என்பது அங்கே கேள்வியல்ல. சிறு பிள்ளையின் போர்வைக்கும் மூலையில் பூ உண்டு.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு இது. முடிப்பதென்பது முதலில் போட்ட திட்டத்தை அப்படியே நிறைவேற்றுவது என்று ஆகாது. திரும்ப முடியாதபடி எதை மாற்றினோமோ அதைப் பயனுள்ள ஒரு நிலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முடிப்பது. உம்மாவின் ஏழு வரிசை பெரியவர்களுக்குப் போதாது, ஒரு பிள்ளைக்குப் போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. திரும்பக் கூடியதையெல்லாம் கைவிடலாம் என்றால் மனிதர் எதிலும் நிற்கமாட்டாரே? சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்றல்லவா படித்திருக்கிறோம்? உண்மைதான். பிரித்த கம்பளி நூலும் முழுவதும் புதுநூலாகிவிடுவதில்லை. கண்ணிகளின் சுருள் அதில் நிற்கும்; கழுவி, பாரம் கட்டித் தொங்கவிட வேண்டும். செலவான பொழுதையோ எந்தக் கழுவலாலும் மீட்க முடியாது. அதோடு, "உனக்காகப் பின்னுகிறேன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால் பின்னலிலும் கத்தரி பட்டுவிடுகிறது. எதிர்பார்த்திருப்பவரின் மனதைப் பழைய நிலைக்குப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே கைவிடும் உரிமை நான் முதலில் நினைத்ததைவிடச் சிறியது. ஆனால் அது இல்லாமல் போவதில்லை.

இப்படி யோசித்த பின் அலுமாரியில் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. நாள் குறித்து வரவிருக்கும் பிள்ளையின் கம்பளியும் தொப்பியும் முதலில், உயிருள்ளவர் காத்திருக்கிறார். உம்மாவும் அப்படித்தான் முடிவு செய்தார். அடுத்தது வெட்டிய துணிகள். ஒற்றைக் காலுறையை யாருக்கும் சொல்லவில்லை. அதைப் பிரித்துவிட்டேன், அந்த நூல் தொப்பிக்குப் போகிறது.

உம்மாவின் ஏழு வரிசைக்கு அடித்துணி வைத்து விளிம்பு தைக்கிறேன். மிஞ்சிய சதுரங்களைத் தங்கையோடு பங்கிட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அவற்றில் இன்னும் இரண்டு சிறு போர்வைகள் வரும். வீட்டுக்கு வெளியே தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தம்பிக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. உம்மாவின் தையல் எது, என் தையல் எது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வேறு நிற நூலில் தைக்கிறேன்.