எழுபத்திரண்டும் பதினான்கும்

குத்தாலத்தில் அத்தை வீட்டு நாய் நான்கு குட்டி போட்டது. மூன்றை ஆள் வந்து எடுத்துப்போய்விட்டார்கள். நாலாவது, காதோரம் மட்டும் பழுப்பு தொட்ட வெள்ளைக் குட்டி. அப்பாவுக்கென்று அத்தை அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். அப்பா வேண்டாம் என்கிறார்.

அப்பா மயிலாடுதுறை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, மாதம் ஒருமுறை ரயிலேறி வருவேன். போன முறை வந்தபோது அத்தையின் தூதுவனாகத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தேன். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டே, அதைத்தான் நானும் சொன்னேன். ஜிம்மி செத்தது கஷ்டம்தான்பா, ஆனா அவன் இருந்த பதினாலு வருஷமும் சந்தோஷம்தானே, அந்தக் கஷ்டத்துக்குப் பயந்துக்கிட்டு இன்னொண்ணு வளர்க்காம இருக்கலாமா?

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர்.

"கஷ்டத்துக்கு யார்றா பயந்தா? எனக்கு எழுபத்திரண்டு. இந்த மாதிரி நாய்க்கு ஒரு பதினாலு. கூட்டிப் பாரு."

கூட்டினேன். 86.

"நான் போயிட்டா அது எந்த வாசல்ல போய் உக்காரும்?"

என்னிடம் பதில் இல்லை. நாய் நமக்கு முன்னால் செத்துவிடுமே என்பதுதான் பிரச்சினை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்பா அதைத் திருப்பிப்போட்டுவிட்டார். பெங்களூருக்குத் திரும்பும் ரயிலில் தூக்கம் வரவில்லை.

ஜிம்மி 2009இல் வந்தான். நான் அப்போது இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். அந்தக் காலத்தில் நம் தெருக்களில் பொமரேனியன் என்று பெயர் வாங்கிய வெள்ளை நாய்களில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். நம்மூர் வெயிலுக்குப் பழகியது, தயிர்ச்சோறு சாப்பிடும், தபால்காரரைப் பார்த்தால் உயிர் போகிற மாதிரி குலைக்கும். (2003இல் ஹட்ச் விளம்பரம் வந்த பிறகு எல்லோருக்கும் பக் வேண்டியிருந்தது. சப்பை மூக்கோடு நம்மூர் சித்திரை வெயிலில் மூச்சுவிட அந்த நாய்கள் படும் பாட்டைப் பற்றி விளம்பரம் எதுவும் சொல்லவில்லை.) பெரிய நாய் வேண்டாம், நம்மால் இழுத்துப் பிடிக்க முடியாது என்றாள் அம்மா. நான் எங்கேயோ படித்துவிட்டு இன்னொரு காரணத்தையும் சேர்த்தேன்: சின்ன நாய் ரொம்ப நாள் இருக்கும்.

அது உண்மைதான், ஆனால் விசித்திரமான உண்மை. பொதுவாக உயிரினங்களில் உடல் பெரிதானால் ஆயுளும் நீளும். எலிக்கு இரண்டு மூன்று வருடம், யானைக்கு அறுபது எழுபது. நாய்களுக்குள் மட்டும் இது தலைகீழ். கிரேட் டேன் எட்டு வயதிலேயே கிழடு. கையடக்கச் சிவாவா பதினைந்தைத் தொடும். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொர்னேலியா க்ராஸும் சகாக்களும் 74 இன நாய்களின் தரவை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடல் எடையில் ஏறக்குறைய ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறது என்பது அதில் வந்த கணக்கு. பெரிய நாய்கள் சீக்கிரம் சாவதற்குக் காரணம் அவை சீக்கிரம் மூப்படைவதுதான் என்றும் சொன்னார்கள். உடலின் அளவைத் தீர்மானிப்பதில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பது 2007இலேயே தெரிந்துவிட்டது. வேகமாக வளர்வதற்கு உடல் கொடுக்கும் விலையாக அது இருக்கலாம் என்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நாயின் ஒரு வருடம் மனிதனின் ஏழு வருடம் என்று நாம் சொல்லிக்கொள்வது சும்மா. கலிஃபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயதோடு சேரும் வேதி மாற்றங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள்: நாயின் வயதுக்கு இயல் லாகரிதம் எடுத்து, 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்டினால் மனித வயது. முதல் வருடத்திலேயே நாய் 31க்குப் பாய்ந்துவிடுகிறது, பிறகு மெதுவாக நகர்கிறது. ரயிலில் சும்மா இருக்க முடியாமல் அப்பாவின் 72ஐ இந்தச் சூத்திரத்தில் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். 13 வந்தது. லாப்ரடாருக்கான சூத்திரம் ஸ்பிட்ஸுக்கு அப்படியே பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் போனை கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"எந்த வாசல்ல போய் உக்காரும்" என்று அப்பா கேட்டது சும்மா இல்லை. அதை அவர் பார்த்திருக்கிறார்.

2021 மே மாதம், இரண்டாவது அலையில் அம்மாவை ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். எட்டாம் நாள் இறந்துபோனாள். உடல் வீட்டுக்கு வரவில்லை. அங்கேயே எரித்து, அஸ்தியை ஒரு சின்னச் செம்பில் கொடுத்தார்கள். காவிரியில் அப்போது தண்ணீர் கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் துலாக்கட்டத்தில் கரைத்தோம். அதுவரை எங்களுக்கே அம்மா செத்துவிட்டதாக முழுசாகத் தோன்றவில்லை.

ஜிம்மியைப் பொறுத்தவரை அம்மா வண்டியில் ஏறிப்போனாள், அவ்வளவுதான். கேட்டுக்கு உள்பக்கம், ஆம்புலன்ஸ் நின்ற இடத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். சாப்பிட வருவான், சாப்பிட்டுவிட்டு அங்கேயே போய்விடுவான். தெருவில் வேன் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் ராத்திரி அப்பா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, "வரமாட்டாடா, அவ வரமாட்டா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உதவாக்கரையான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. எங்களுக்காவது செம்பு இருந்தது, காவிரி இருந்தது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இருந்தார்கள். அவனுக்கு நடந்தது சாவே இல்லை, முடியாத ஒரு சாயங்காலம்.

நாயின் விசுவாசம் என்று நாம் கொண்டாடும் கதைகளை அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. டோக்கியோவின் ஹச்சிகோ 1924 ஜனவரியில் பேராசிரியர் உவேனோவிடம் வந்தது. 1925 மே மாதம் அவர் வேலையிடத்தில் இறந்துபோனார். 1935 மார்ச்சில் சாகும்வரை அது ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தது. சேர்ந்து இருந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை, காத்திருந்தது ஒன்பது வருடத்துக்கு மேல். ஸ்டேஷன் பக்கம் கிடைத்த தீனிக்காகவும் வந்திருக்கும் என்பார்கள். இருக்கட்டும். அதற்குச் சிலை வைத்தவர்களால்கூட அதனிடம் செய்தியைச் சொல்ல முடியவில்லை.

நம்மிடம் இதைவிடப் பழைய கதை ஒன்று கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், நட்ட நடுகல். எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கான கல் அது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதற்குத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்திருந்தது என்பது செய்தி. ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. நான் யோசிப்பது அந்தக் 'காத்திருந்த' என்ற சொல்லைப் பற்றி. காவல் காப்பதற்கும் வழி பார்த்திருப்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான். எஜமான் விழுந்துவிட்ட பிறகு கோவிவன் செய்தது எது? கல் வெட்டியவருக்கு முதல் பொருள்தான் தெரிந்திருக்கும். நான் கேட்டை நினைத்துக்கொள்கிறேன்.

பற்று வைத்தால் வலிக்கும் என்று எச்சரித்தவர்கள் நிறைய. எதிலிருந்தெல்லாம் விலகுகிறோமோ அதனாலெல்லாம் துன்பமில்லை என்கிறார் வள்ளுவர். குழந்தைக்கு முத்தம் கொடுக்கும்போதே, இது சாகக்கூடியது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார் எபிக்டெட்டஸ். நாய் வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு கதை வேண்டுமானால் பாகவதத்தின் ஜடபரதன். ராஜ்ஜியத்தையே துறந்து காட்டுக்குப் போனவன், ஆற்றில் தாயை இழந்த மான்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்து, அதன் நினைவோடு செத்து, அடுத்த பிறவியில் மானாகவே பிறக்கிறான். சின்ன வயதில் கோயில் உபன்யாசத்தில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பரதனுக்கு என்ன ஆனது என்று விரிவாகச் சொல்வார்கள். அவன் செத்த அன்றைக்கு அந்த மான்குட்டி என்ன செய்தது, யார் அதற்குப் புல் போட்டார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

எனக்கு இவர்களோடு இருக்கும் சண்டை இதுதான். எல்லோரும் வலியை நம் பக்கத்திலிருந்தே கணக்குப் போடுகிறார்கள். பற்றை விட்டால் எனக்கு வலிக்காது, பற்று வைத்தாலும் அந்த வலிக்கு ஈடாக எனக்குச் சந்தோஷம் கிடைக்கிறது. திண்ணையில் நான் அப்பாவிடம் சொன்ன வசனமும் இந்த இரண்டாவது ரகம்தான். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று நம்பி இருந்தால், யாராவது ஒருவர் பின்தங்கத்தான் வேண்டும். பிரிவு அங்கே ஒரு வேலை மாதிரி. யாராவது செய்தாக வேண்டும். அதைச் செய்யக் கொஞ்சமாவது கருவிகள் இருப்பது நம்மிடம்தான். செம்பும் ஆறும் மொழியும் நம்மிடம் இருக்கின்றன, நாயிடம் இல்லை. அப்படிப் பார்த்தால் நாயின் ஆயுள் குறைவு என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தர்மபுத்திரன் நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றதும் எனக்கு இதனால்தான் பிடிக்கும். வெளியே விட்டால் அது அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். (கடைசியில் அது தர்மதேவதை என்று ஆக்கிவிட்டார்கள். நாயாகவே விட்டிருக்கலாம்.)

ஜிம்மியின் முறை 2023இல் வந்தது. சின்ன நாய்களுக்கு வயதானால் அதிகம் வரும் வியாதி, இதய வால்வு தளர்ந்துபோவது. ராத்திரியில் இருமுவான், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்பா தினம் இரண்டு வேளை மாத்திரையை வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தார். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார் டாக்டர். அப்பா பழைய டைரியில் கோடு போட்டுத் தேதிவாரியாக எழுதி வைத்தார். 28, 30, 34, 41. பிறகு வெற்றுப் பக்கம். கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, உப்புப் போட்டுப் புதைத்தோம். மூன்றாம் நாள் அப்பா அங்கே பால் ஊற்றியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "என்னங்க, நாய்க்கெல்லாமா?" என்று கேட்டார்கள். "வைத்தீஸ்வரன் கோயில்ல கழுகுக்கே குண்டம் இருக்குதே" என்றார் அப்பா. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று அங்கே ஜடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான்.

அந்தப் பதினாறு நாளும் அப்பா அழுதார், சாப்பிட்டார், பேப்பர் படித்தார். யாருக்காகவும் கேட்டில் உட்காரவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

இப்போது அத்தையின் குட்டி. சின்ன நாய் ரொம்ப நாள் இருக்கும் என்று 2009இல் நான் சொன்ன அதே நல்ல செய்தி, 72 வயதுக்காரருக்கு நேர் எதிராகிவிட்டது. வயதான நாயாக ஒன்று எடுத்துக்கலாமே, காப்பகங்களில் எட்டு ஒன்பது வயது நாய்கள் இருக்குமே என்று போனில் சொன்னேன். "அது ஏற்கெனவே யாரையோ தேடிக்கிட்டு இருக்கும்டா" என்றார். கொஞ்சம் கழித்து, "யோசிக்கலாம்" என்றார்.

பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "உங்களுக்கு ஏதாவதுன்னா நான் எடுத்துக்கிறேன்பா."

"எந்த வீட்ல?"

வாடகை ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தேன். வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்று ஒன்பதாவது ஷரத்து. மூன்று வருடம் முன்பு நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டது. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லியிருக்கிறது, ஆனால் வீட்டு ஓனரோடு நான் தனியாகப் போட்ட ஒப்பந்தம் வேறு விஷயம். அதோடு, நான் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டாகும். ஒருநாள் அந்தக் குட்டி, பன்னிரண்டு வயதில், தெரியாத ஊரில் நாலாவது மாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் நான் சரி என்று சொல்லியிருக்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை. ஓனருக்கு மெயில் போட்டிருக்கிறேன். தரைத்தளத்தில் வேறு வீடும் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். மேட்டூர் நீர்மட்டம், பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம், மாடி ஒழுகுவது எல்லாம் சொல்லிவிட்டு, அத்தை வீட்டில் அந்தக் குட்டியை வேறு யாரும் கேட்டார்களா என்றார். இல்லை என்றேன். "ஜிம்மியோட சங்கிலி பரண்லதான் கிடக்குது" என்றார். "சின்னக் குட்டிக்கு அது கனமா இருக்கும்ல?"