காத்திருக்கத் தெரிந்த மருத்துவம்

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, உடலுக்கு வெளியே கருவான குழந்தை நலமாக வளருமா என்றே உலகம் கேட்டது. அவர் வளர்ந்தார், பின்னாளில் தாயும் ஆனார். ஆனால் இன்னொரு கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை. சிகிச்சையைத் தாங்கும் பெண் நலமாக இருப்பாளா?

இயற்கையில் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும். உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒருசேர முதிர வைக்கிறார்கள். சிலருக்கு அது எல்லை மீறும். சினைப்பைகள் வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும், மூச்சுத் திணறும், இரத்தம் உறைந்து கட்டியாகலாம். கடுமையான பாதிப்பு அரிது என்றாலும் அது உயிரையே பறிக்கக்கூடியது. குறை கணவனின் விந்தணுவில் இருந்தாலும் அந்த ஊசிகள் ஏறுவது மனைவியின் உடலில்தான்.

இந்த ஆபத்தைக் குறைக்க வழி உண்டு. கருவை உடனே கருப்பையில் வைக்காமல் உறைய வைத்து, அவள் உடல் தேறியபின் வைக்கலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்து இரட்டைப் பிள்ளைகள் உருவானால் குறைப்பிரசவமும் தாய்க்கு இரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்பு கூடும். ஒரு தடவைக்கு ஒரே கரு என்று நிறுத்திக்கொண்டால் அதையும் பெருமளவு தவிர்க்கலாம். இரண்டுக்கும் வேண்டியது பொறுமை.

அந்தப் பொறுமையை நாம் அவளுக்கு விட்டுவைப்பதில்லை. கல்யாணமான சில மாதங்களிலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று தொடங்கிவிடுகிறோம். நகையை அடகு வைத்து வந்தவள், "ரெண்டா வெச்சிடுங்க டாக்டர், ஒரே செலவோட முடிஞ்சிடும்" என்று கெஞ்சினால் அது அவள் குற்றமா?

சட்டம் மட்டும் பெண்ணைக் காத்துவிடாது. பிறருடைய சிகிச்சைக்காகப் பெண்கள் செய்யும் முட்டை தானம் 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒருமுறை, ஏழு முட்டைகளுக்கு மிகாமல் என்கிறது இத்தகைய சிகிச்சைகளுக்கான இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம். மறு ஆண்டே, ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டது அம்பலமானது. ஆசையும் பணமும் அவசரப்படும் இடத்தில் பெண்ணுடல் வெறும் கச்சாப்பொருளாகிவிடுகிறது.

குழந்தைக்கு ஏங்குவதில் பிழையில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையில் முதலில் காப்பாற்றப்பட வேண்டிய உயிர், மருத்துவர் முன் இப்போது அமர்ந்திருக்கும் உயிர். "இந்த மாதம் வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லும்போது, அவள் முகம் வாடாதபடி "சரி, பொறுத்துக்கலாம்" என்று சொல்லும் குடும்பமே அவளுக்கு முதல் பாதுகாப்பு.